அலறலுக்கு அஞ்ச வேண்டுமா? ஆந்தையின் இரவு வேட்டை

ஆந்தை அலறினால் ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்பது நம்மவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வரும் நம்பிக்கை. தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்கள் இதை நன்கு அறிவர். லயத்து வீட்டின் கூரையில் ஆந்தை வந்து உட்கார்ந்துவிட்டால் கல்லெறிந்து விரட்டுவார்கள். அன்றிரவு நோயாளி இருக்கும் வீட்டில் யாரும் நிம்மதியாக உறங்கமாட்டார்கள். இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் ஆந்தைக்குப் 'புருங் ஹந்து' என்று பெயர். பேய்ப் பறவை என்பது அதன் பொருள். சீனர்களிடையேயும் ஆந்தையின் குரலைச் சாவோடு சேர்த்துப் பேசும் வழக்கம் உண்டு. பல விஷயங்களில் வேறுபடும் மூன்று இனத்தாரும் ஒரு பறவையைக் கண்டு அஞ்சுவதில் மட்டும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்!

இந்த அச்சத்திற்குக் காரணம் என்ன? சற்று சிந்தித்துப் பார்த்தால் நான்கு காரணங்கள் தென்படும். முதலாவது, அது சிறிதும் ஓசையின்றி வருகிறது. இரண்டாவது, அதன் முகம் மனித முகம் போல் தட்டையாக இருக்கிறது. மூன்றாவது, உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் முதுகுப்புறம் வரை திருப்புகிறது. நான்காவது, நள்ளிரவில் நெஞ்சு நடுங்கும்படி அலறுகிறது.

இந்த நான்கில் முதல் மூன்றும் ஆந்தையின் வேட்டைக் கருவிகள். நான்காவது, அது தன் இனத்தோடு பேசும் பேச்சு. நம்மைப் பயமுறுத்துவதற்கென்று அதனிடம் எதுவும் இல்லை. வயிற்றுப் பிழைப்புக்காக இயற்கை அதற்குக் கொடுத்தவற்றையே நாம் பேயின் அடையாளங்களாக எண்ணிக்கொண்டோம். அக்கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிந்துகொண்டால் அச்சம் விலகும். அதன் இடத்தில் வியப்பு வந்து சேரும்.

நம் ஊர் ஆந்தைகள்

ஆந்தை என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் பறவைகள் பல வகை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுத் தோட்டங்கள், பூங்காக்கள், காட்டோரங்கள் எனப் பல இடங்களில் அவை வாழ்கின்றன. கையளவே உள்ள சிற்றாந்தை நம் வீட்டு மரத்திலேயே குடியிருக்கும். சீரான இடைவெளி விட்டு மெல்லிய குரலில் ஒற்றை ஒலியை எழுப்பிக்கொண்டிருக்கும். பலர் அதைத் தவளையின் சத்தம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

பெரிய மரங்கள் நிறைந்த பூங்காக்களில் உடல் முழுவதும் புள்ளிகள் கொண்ட மர ஆந்தை வாழ்கிறது. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் இதைப் பார்ப்பதற்கென்றே கேமராவுடன் செல்பவர்கள் உண்டு. குளம், ஆறு ஆகியவற்றின் கரையில் பழுப்பு நிற மீன் ஆந்தையைக் காணலாம். புங்கோக் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் ஆந்தையும் இருக்கிறது. எட்டாத ஒன்றுக்காக ஏங்குபவரை, நிலவுக்கு ஏங்கும் புங்கோக் போல என்று சொல்வது மலாய்ப் பழமொழி. பேய்ப் பறவை என்று பெயரிட்ட அதே மொழி, காதலுக்கும் ஆந்தையை உவமையாக்கியிருப்பது கவனிக்கத்தக்கது.

இவை அனைத்திலும் மனிதனுக்கு மிக அருகில் வாழ்வது கூகை. வெள்ளை முகம், இதய வடிவம், பொன்னிற முதுகு, வெளிறிய வயிறு. மலாய் மொழியில் இதற்குப் 'புங்கோக் ஜெலாபாங்' என்று பெயர். ஜெலாபாங் என்றால் நெற்களஞ்சியம். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் கூகை இருக்கும். இரவில் மோட்டார் சைக்கிள் விளக்கொளியில் வெள்ளையாக ஏதோ ஒன்று குறுக்கே பறந்ததைக் கண்டு நடுங்கியவர்களில் பலர் உண்மையில் கண்டது இந்தக் கூகையைத்தான்.

ஓசையைத் தின்னும் சிறகு

புறா மேலெழும்போது படபடவென்று சத்தம் கேட்கும். காகம் தலைக்கு மேல் பறந்தால் சிறகு காற்றை வெட்டும் ஓசை நன்றாகக் கேட்கும். கூகை கைக்கெட்டும் தூரத்தில் கடந்து சென்றாலும் காதில் ஏதும் விழாது. காற்று மட்டும் முகத்தில் படும். இது எப்படி?

1934ஆம் ஆண்டிலேயே ஆர்.ஆர். கிரஹாம் என்பவர் ஆந்தையின் இறகை நுணுக்கமாக ஆராய்ந்து மூன்று தன்மைகளைச் சுட்டிக் காட்டினார். முதலாவது, சிறகின் முன் விளிம்பில் சீப்பின் பற்களைப் போல் சிறு சிறு முட்கள் வரிசையாக நிற்கின்றன. எதிர்வரும் காற்றை இவை சிறுசிறு இழைகளாகப் பிரித்துவிடுகின்றன. இரண்டாவது, சிறகின் பின் விளிம்பு சால்வையின் ஓரத்துக் குஞ்சம் போல் பிரிந்து மென்மையாக இருக்கிறது. சிறகைவிட்டு நீங்கும் காற்று சீறாமல் போவதற்கு இது உதவுகிறது. மூன்றாவது, இறகின் மேற்பரப்பு முழுவதும் வெல்வெட்டுத் துணி போன்ற மெல்லிய பஞ்சு படர்ந்திருக்கிறது. ஓர் இறகு மற்றோர் இறகோடு உராயும்போது எழும் சத்தத்தை இது அடக்கிவிடுகிறது.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கூகையின் உடல் எடை ஏறத்தாழ அரைக் கிலோதான். விரித்த சிறகுகளோ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு மீட்டரை நெருங்கும். எடை குறைவு, சிறகு பெரிது. ஆகவே வேகமாகச் சிறகடிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாது. மெதுவாகப் பறக்கும் பொருள் எழுப்பும் ஓசையும் குறைவு.

இந்த ஓசையின்மையால் கூகைக்கு இரண்டு நன்மைகள். எலிக்குத் தன் வருகை தெரியாமல் இருப்பது ஒன்று. இதை எல்லாரும் எளிதில் ஊகித்துவிடுவர். இரண்டாவது நன்மை அதைவிட முக்கியமானது. தன் சிறகே இரைச்சல் போட்டால், கீழே புல்லுக்குள் எலி நகரும் மெல்லிய ஓசை அதன் காதில் விழாது. ஆகவே ஆந்தை பிறர் காதுக்காக மட்டுமல்லாமல், தன் காதுக்காகவும் ஓசையை அடக்குகிறது.

இதை மெய்ப்பிப்பது போல் அமைந்திருக்கிறது மீன் ஆந்தையின் சிறகு. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்கப் போவதில்லை. மீன் நீந்தும் ஓசையைக் கேட்டு வேட்டையாட வேண்டிய அவசியமும் ஆந்தைக்கு இல்லை. அது கண்ணால் பார்த்தே மீனைப் பிடிக்கிறது. எனவே மீன் ஆந்தையின் சிறகில் இந்த ஓசை அடக்கும் அமைப்புகள் அவ்வளவாக வளரவில்லை. அது பறக்கும்போது சத்தம் கேட்கும். அதற்குப் பதிலாக வழுக்கும் மீனை இறுகப் பற்றுவதற்கு ஏற்ற சொரசொரப்பான பாதங்களும், நனைவதற்கு இறகே இல்லாத வெறுங்கால்களும் அதற்கு உண்டு. தேவை எதுவோ அதற்கேற்ற கருவி!

ஆந்தையின் சிறகிலிருந்து மனிதனும் பாடம் கற்றிருக்கிறான். ஜப்பானில் அதிவேக ரயில் ஓடும்போது, மேலே மின்கம்பியைத் தொட்டுச் செல்லும் தாங்கி காற்றில் பெரும் இரைச்சலை எழுப்பியது. அந்த ரயிலை உருவாக்கியவர்களுள் ஒருவரான பொறியாளர் எய்ஜி நாகாட்சு, பறவைகளைப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவர். ஆந்தையின் இறகு விளிம்பில் உள்ள பற்களின் தன்மையை அந்தத் தாங்கியில் பயன்படுத்தி இரைச்சலைக் குறைத்தார்கள். 1997ஆம் ஆண்டு அந்த 500 வரிசை ரயில் ஓடத் தொடங்கியது.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. மென்மையான இந்த இறகு மழையில் எளிதாக நனைந்துவிடும். மழைச் சத்தத்தில் எலியின் ஓசையும் கேட்காது. விடாமல் மழை பெய்யும் இரவுகளில் கூகை பசியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

முகம் முழுவதும் காது

கூகையின் தட்டையான முகம் உண்மையில் ஒரு கேட்கும் கருவி. அந்த இதய வடிவத்தின் விளிம்பில் கெட்டியான இறகுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சரியாகக் காது கேட்காதவர் உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார் அல்லவா? அதே வேலையை இந்த முகம் செய்கிறது. சிதறி வரும் ஓசையைத் திரட்டி, முகத்தின் இரு பக்கமும் இறகுக்குள் மறைந்திருக்கும் காதுத் துளைகளுக்கு அனுப்புகிறது. தலையின் மேல் கொம்பு போல் சில ஆந்தைகளுக்கு நீட்டிக்கொண்டிருப்பவை காதுகள் அல்ல. அவை வெறும் இறகுகளே.

இதில் பெரிய அதிசயம் என்னவென்றால், கூகையின் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. இடது காதுத் துளை சற்று மேலே இருந்து கீழ்நோக்கிக் கேட்கிறது. வலது காது சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கிக் கேட்கிறது. இதனால் என்ன பயன்? ஓசை இடப்பக்கத்திலிருந்து வந்தால் இடக்காதுக்குக் கண நேரம் முன்னதாகக் கேட்கும். இதைக் கொண்டு பக்கத்தை அறியலாம். மனிதனும் இப்படித்தான் அறிகிறான். ஆனால் ஓசை மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதைக் கண்டுகொள்வதில் நாம் அவ்வளவு தேர்ந்தவர்கள் அல்லர். கூகைக்கோ, கீழிருந்து வரும் ஓசை இடக்காதில் உரக்கக் கேட்கும். மேலிருந்து வரும் ஓசை வலக்காதில் உரக்கக் கேட்கும். பக்கமும் உயரமும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் எலி இருக்கும் இடம் புள்ளி வைத்தாற்போல் தெரிந்துவிடும்.

ஆந்தை காதால்தான் வேட்டையாடுகிறது என்பதை எப்படி உறுதி செய்தார்கள்? 1950களின் பிற்பகுதியில் ரோஜர் பேய்ன் என்ற அமெரிக்கர் இதற்கான சோதனைகளைத் தொடங்கினார். பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டை உலகறியச் செய்தவர் இவரே. துளி வெளிச்சமும் புகாத அறையின் தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பி, எலியை விட்டார். இலை சலசலத்ததும் கூகை பாய்ந்து பிடித்தது. கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. ஒருவேளை எலியின் உடல் சூட்டையோ வாடையையோ உணர்ந்ததா? அதையும் அறிய, எலியளவு கசக்கிய காகித உருண்டையை நூலில் கட்டி இலைகளின் மேல் இழுத்தார். கூகை அதன் மேலும் பாய்ந்தது. காகிதத்திற்குச் சூடும் இல்லை, வாடையும் இல்லை. ஓசை மட்டுமே உண்டு. கூகையின் ஒரு காதை அடைத்துவிட்டுப் பார்த்தபோது அதன் குறி தவறியது.

அதன்பின் 1978ஆம் ஆண்டில் எரிக் நுட்சன், மசகாசு கோனிஷி ஆகிய இருவர் கூகையின் மூளையை ஆராய்ந்து இன்னோர் உண்மையை வெளியிட்டனர். அதன் மூளைக்குள் ஓசைகளுக்கென ஒரு வரைபடமே இருக்கிறது. இன்ன திசையிலிருந்து ஓசை வந்தால் இன்ன நரம்பணு விழித்துக்கொள்ளும் என்று இடம் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாம் கண்ணால் உலகைப் பார்ப்பது போல ஆந்தை காதாலும் உலகைப் பார்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கழுத்தைத் திருப்புவதற்கும் காரணம் உண்டு. ஆந்தையின் கண்கள் நம் கண்களைப் போல் உருண்டையானவை அல்ல. குழாய் வடிவில் நீண்டவை. மங்கிய ஒளியிலும் நன்றாகப் பார்க்க இந்த வடிவம் உதவுகிறது. ஆனால் அக்கண்கள் குழியில் அசையமாட்டா. நாம் கருவிழியை உருட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போல் அதனால் பார்க்க முடியாது. 'ஆந்தை மாதிரி விழிக்கிறான்' என்று நாம் கேலி செய்வதும் இதனால்தான். விழியைத் திருப்ப முடியாத குறையைக் கழுத்து ஈடு செய்கிறது. நம் கழுத்தில் 7 எலும்புகள், ஆந்தையின் கழுத்தில் 14. அதனால் 270 பாகை வரை தலையைத் திருப்ப முடிகிறது. பேய் பிடித்ததால் திரும்பும் தலையன்று அது!

பாயும் கணம்

செம்பனைத் தோட்டத்தில் கூகை பெரும்பாலும் மட்டையிலோ கம்பத்திலோ அமர்ந்தபடி காத்திருந்து வேட்டையாடுகிறது. வயல்வெளியில் தாழப் பறந்து, இங்கும் அங்கும் வளைய வந்து தேடுவதையும் காணலாம். ஓசை கேட்டதும் முகத்தை அப்பக்கம் நேராகத் திருப்புகிறது. தலையை மெல்ல அசைத்து மீண்டும் கேட்கிறது. உறுதியானதும் கிளையை விட்டு இறங்குகிறது.

வழியிலும் அது கேட்டுக்கொண்டே வருகிறது. எலி இடம் மாறினால் பறவையும் பாதையை மாற்றிக்கொள்கிறது. எலியை நெருங்கியதும் தலையைப் பின்னுக்கு இழுத்து, முகம் இருந்த கோட்டிலேயே கால்களை முன்னால் நீட்டுகிறது. காது குறித்துக் கொடுத்த இடத்தைக் கால் அப்படியே வாங்கிக்கொள்கிறது. நான்கு விரல்களும் விரிகின்றன. வெளிப்புற விரலைப் பின்னால் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஒரு வலை போல் அது விழுகிறது. தொடும் கணத்தில் கண்களை மூடிக்கொள்கிறது. புல்லும் நகமும் கண்ணில் பட்டுவிடக் கூடாது அல்லவா?

பிடித்த எலியைக் கூகை பெரும்பாலும் முழுதாக விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, பின்னர் வாய் வழியே வெளிவரும். கூகை தங்கும் மரத்தடியிலும் பெட்டியின் கீழும் கட்டைவிரல் பருமனுள்ள இக்கரிய உருண்டைகள் கிடக்கும். அருவருப்படையத் தேவையில்லை. ஆய்வாளர்களுக்கு இவை பொக்கிஷம். பிரித்துப் பார்த்து மண்டையோடுகளை எண்ணினால் அது எதை, எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும். மலேசியத் தோட்டங்களில் இப்படி எண்ணிப் பார்த்தபோது, கூகையின் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் எலிகளே என்பது தெரிய வந்தது.

அப்படியானால் அலறல் எதற்கு? கூகை வேட்டையின்போது அலறுவதில்லை. இது என் எல்லை என்று மற்றொரு கூகைக்கு அறிவிக்கவும், துணையை அழைக்கவும் குரல் கொடுக்கிறது. அதன் குரல் கரகரத்த கிறீச்சொலியாக இருப்பது அதன் குற்றமன்று. கூட்டிலிருக்கும் குஞ்சுகள் உணவு கேட்டுப் பாம்பு சீறுவது போல் ஒலி எழுப்பும். பாழடைந்த கட்டடத்தில் இரவில் கேட்கும் மர்மச் சீறல்களில் சில, பசித்த குஞ்சுகளின் குரலாகவே இருக்கும்.

தோட்டத்துக் காவலாளி

1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமராம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. 1960களுக்குப் பின் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு, நாடெங்கும் செம்பனை பரவியது. பால் வெட்டிய நம் மக்கள் பழக்குலை வெட்டத் தொடங்கிய காலம் அது. செம்பனையோடு எலியும் பெருகியது. கொழுப்பு நிறைந்த பழம் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஒளிந்துகொள்ள வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் இருக்கிறது. எலிக்கு வேறென்ன வேண்டும்? குலையில் இருக்கும் பழத்தையும் தின்றது, இளங்கன்றின் குருத்தையும் கடித்தது.

எலியைத் தேடிக் கூகை வந்தது. அதற்கு முன் தீவகற்ப மலேசியாவில் கூகையைக் காண்பதே அரிது. 1960களின் இறுதியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது கூடு வைத்திருப்பது தெரிய வந்தது. ஆனால் ஒரு சிக்கல். கூகை தானாகக் கூடு கட்டத் தெரியாத பறவை. மரப் பொந்திலோ கட்டட மூலையிலோதான் முட்டையிடும். செம்பனையில் பொந்து ஏது? எனவே தோட்ட நிர்வாகங்கள் உயரமான கம்பங்களில் பலகைப் பெட்டிகளை அமைத்துக் கொடுத்தன. 1980களில் இது பரவலாயிற்று. ஏறக்குறைய 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பல தோட்டங்கள் பின்பற்றும் கணக்கு. பின்னர் நெல்வயல்களிலும் இம்முறை கையாளப்பட்டது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், நகர்ப்புற எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளைக் குடியேற்றும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது.

ஒரு கூகை இணை தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என மதிப்பிடப்பட்டுள்ளது. சம்பளம் கேட்காது, விடுப்பு எடுக்காது, இரவு முழுவதும் வேலை செய்யும் காவலாளி அது. ஆயினும் கூகை வந்துவிட்டால் எலியே இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. எலி அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட இடத்தில் கூகையால் மட்டும் சமாளிக்க முடியாது. குறைந்திருக்கும் எலியை மீண்டும் பெருகவிடாமல் அடக்கி வைப்பதில்தான் அதன் திறமை இருக்கிறது.

காவலாளிக்கே நஞ்சு

இங்கேதான் கவலைக்குரிய செய்தி ஒன்று இருக்கிறது. எலிகளைக் கொல்லத் தொடக்கத்தில் வார்ஃபரின் என்ற மருந்து பயன்படுத்தப்பட்டது. எலி அதைப் பலமுறை தின்றால்தான் சாகும். காலப்போக்கில் சில எலிகள் அதற்குப் பழகிக்கொண்டன. அதன்பின் புரோடிஃபாகம் போன்ற வீரியமான மருந்துகள் வந்தன. இவற்றை எலி ஒருமுறை தின்றாலே போதும்.

ஆனால் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் உயிரோடு இருக்கும். உடல் தளர்ந்து, தள்ளாடி, ஒளிந்துகொள்ளத் தெம்பின்றி வெட்டவெளியில் திரியும். கூகைக்கு இதைவிட எளிதான இரை கிடைக்குமா? அது எலியைத் தின்னும்போது எலியின் வயிற்றிலும் ஈரலிலும் உள்ள நஞ்சையும் சேர்த்தே தின்கிறது. இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எலிகள் சேரச் சேர, நஞ்சு கூகையின் ஈரலில் தங்கிவிடுகிறது. இரத்தம் உறையாமல் உடலுக்குள்ளேயே கசிந்து பறவை இறந்துபோகிறது. கோலாலம்பூரிலிருந்து வெளிவரும் 'தி பிளாண்டர்' இதழில் 1984ஆம் ஆண்டிலேயே ஜே.இ. டக்கெட் என்பவர், புதிய மருந்துகள் பயன்படுத்தப்பட்ட செம்பனைத் தோட்டத்தில் கூகைகள் குறைந்துபோனது பற்றி எழுதினார்.

இதில் உள்ள நட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எலி ஆண்டுக்குப் பலமுறை குட்டி போடும். மருந்துக்குத் தப்பிய சில எலிகள் போதும், மீண்டும் கூட்டம் பெருகிவிடும். கூகை அவ்வளவு விரைவாகப் பெருகுவதில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவை பறக்க மேலும் இரண்டு மாதங்களாகின்றன. முட்டைகளை நாள் இடைவெளி விட்டு இடுவதால் குஞ்சுகள் படிக்கட்டு போல் பெரிதும் சிறிதுமாக இருக்கும். இரை குறைந்தால் கடைசிக் குஞ்சு பிழைப்பது அரிது. எலியைக் கொல்வதாக எண்ணி எலியின் எதிரியைக் கொன்றுவிட்டால், அடுத்த ஆண்டு இன்னும் அதிக மருந்து வாங்க வேண்டியதுதான்.

இது தோட்ட நிர்வாகங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. வீட்டில் எலித் தொல்லை என்றதும் கடையில் மருந்து வாங்கி வைப்பது நம் வழக்கம். கூடுமானவரை எலிப்பொறியைப் பயன்படுத்தலாம். மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால், செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். காட்டில் வீசிவிடக் கூடாது.

பார்ப்பது எப்படி?

ஆந்தையைப் பார்க்க ஆழ்காட்டுக்குள் போக வேண்டியதில்லை. பொறுமை ஒன்று போதும். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கும் மாலை ஏழரை மணிக்கு முன்பாகவே வயலோரமோ பூங்காவோரமோ சென்று அசையாமல் நிற்க வேண்டும். கூகை தன் இருப்பிடத்தை விட்டுக் கிளம்பும் நேரம் அது. வானம் முழுவதும் கறுத்துவிடுவதற்கு முன் அதன் வெள்ளை வயிறு பளிச்சென்று தெரியும். பேச்சைக் குறைத்துக் கைப்பேசியை அணைத்து வைப்பது நல்லது. காதால் வாழும் பறவையின் முன் நாம் சத்தம் போடலாகாது.

பகலில் தேடுவதற்கும் வழி உண்டு. மரத்தடியில் வெள்ளை எச்சமும் கரிய உருண்டைகளும் கிடந்தால் மேலே அண்ணாந்து பார்க்கலாம். காகங்களோ சிறு குருவிகளோ ஒரே கிளையைச் சுற்றிக் கூச்சலிட்டால், அங்கே ஓர் ஆந்தை உறக்கம் கலைந்து அமர்ந்திருக்கக் கூடும். இரவில் தங்களை வேட்டையாடும் பறவையைப் பகலில் அவை சேர்ந்து விரட்டுகின்றன. பகல் வேளையில் காகம் கூகையை வென்றுவிடும் என்பதைக் காலமறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். பறவைகளை உற்று நோக்கும் பழக்கம் நம் முன்னோருக்கு இருந்தது என்பதற்கு இது சான்று.

பார்க்கச் செல்பவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. கேமராவின் பளிச்சிடும் விளக்கை ஆந்தையின் முகத்தில் அடிக்கக் கூடாது. பதிவு செய்த ஆந்தைக் குரலை ஒலிக்கச் செய்து அதை வரவழைக்கக் கூடாது. வேறோர் ஆந்தை தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக எண்ணி, அது வேட்டையை விட்டுவிட்டு அலையும். கூட்டுக்கும் பெட்டிக்கும் அருகில் செல்லாமல் தூர நின்று பார்ப்பதே முறை. கீழே குஞ்சு கிடந்தால் அவசரப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வரவும் கூடாது. தாய் அருகிலேயே இருக்கலாம். காயம் பட்டிருந்தால் வனவிலங்குத் துறைக்குத் தகவல் கொடுக்கலாம்.

ஒருமுறை இப்படி நின்று பார்த்தவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, ஆந்தை மீதான அச்சம் போய்விடும். இருட்டில் அலறல் கேட்டதும் 'அது தன் இணையைக் கூப்பிடுகிறது' என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அந்த வீட்டில் யாரும் கல்லெடுக்க மாட்டார்கள். எலி பயந்து ஓட வேண்டிய பறவையைக் கண்டு நாம் பயந்து நடுங்குவதில் பொருளில்லை. வீட்டருகே ஆந்தையின் குரல் கேட்டால், அங்கே இன்னும் மரம் நிற்கிறது, நஞ்சு தின்னாத எலி ஓடுகிறது, இரவில் காவலுக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். அது கெட்ட சகுனமா நல்ல சகுனமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.